கிக்கரை மிதிக்கும் முன்: டூ-ஸ்ட்ரோக் கேள்வி-பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வட சென்னையிலிருந்து. பாதிப் பேர் கேட்பது "என்ன பெயின்ட் அடிக்கலாம்?" என்றுதான். அதற்குப் பதில் பின்னால் வருகிறது. காசு கரைகிற இடங்கள் வேறு, அவற்றை முதலில் பார்த்துவிடுவோம்.

1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "ஃபுல் இன்ஜின் வேலை முடிஞ்சுது, எடுத்து ஓட்ட வேண்டியதுதான்" என்கிறார் விற்பவர். பார்க்கப் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
— வாசகர், தண்டையார்பேட்டை

வண்டியைப் பார்க்கும் முன் பேப்பரைப் பாருங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவு எந்தத் தேதி வரை செல்லும், கடன் பதிவு நிலுவையில் இருக்கிறதா, தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனியார் வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். ஆக, 1994 வண்டி இதற்குள் நான்கு முறை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய புத்தக ஆர்.சி. மட்டும் இருந்து கணினியில் விவரமே வரவில்லை என்றால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேக்லாக் என்ட்ரி போட்ட பிறகுதான் பெயர் மாற்றம் நடக்கும். அந்த வேலையை விற்பவரையே முடித்துத் தரச் சொல்லுங்கள். "நீங்க வாங்கிட்டுப் பண்ணிக்கலாம் சார்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து எண்கள். சேஸிஸ் எண் ஹேண்டில் கழுத்தில் பஞ்ச் செய்யப்பட்டிருக்கும். ஒரு துணியில் பெட்ரோல் நனைத்துத் துடைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். எழுத்துகளின் ஆழம் ஒரே சீராக இருக்க வேண்டும். எண்ணைச் சுற்றி மட்டும் அரம் போட்ட கோடுகள், புதுப் பெயின்ட், பட்டிப் பூச்சு இருந்தால் வேண்டாம். ஆர்எக்ஸ் 100 இன்ஜின் எண் 1எல்1 என்று தொடங்கும்.

"ஒன்பது மணிக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு எட்டரைக்கே போய் நில்லுங்கள். சிலிண்டரில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் சோக் போட்டு இரண்டு மூன்று மிதியில் எடுக்க வேண்டும். முதலில் நீலப்புகை வருவது இயல்பு. ஐந்து நிமிடம் ஓடிய பிறகும் அடர்த்தியாக வந்துகொண்டிருந்தால் கிளட்ச் பக்க ஆயில் சீல் போயிருக்கலாம்.

இடது பக்க மேக்னட் கவரைக் கழற்ற அனுமதி கேளுங்கள். சில ஸ்க்ரூ வேலைதான். மேக்னட்டை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சுற்றுவது தவிர வேறு எந்த அசைவும் இருக்கக் கூடாது. துளி ஆட்டம் கைக்குத் தெரிந்தாலும் கிராங்க் பேரிங் போய்விட்டது, ஃபுல் இன்ஜின் வேலை நடக்கவே இல்லை என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் கேஜ் மாட்டி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து ஆறு மிதி. 120 பி.எஸ்.ஐ.யை ஒட்டி வந்தால் நல்லது. 100-க்குக் கீழே என்றால் ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது) செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

எத்தனையாவது போர் ஓடுகிறது, அதாவது சிலிண்டரை எத்தனை முறை குடைந்திருக்கிறார்கள் என்று கேட்க மறக்க வேண்டாம். ஸ்டாண்டர்டு பிஸ்டன் 50 மி.மீ. அதற்கு மேல் 0.25, 0.50, 0.75, 1.00 என்று நான்கு ஓவர்சைஸ். கடைசி சைஸில் இருக்கும் வண்டிக்கு அடுத்த முறை லைனர் (சிலிண்டரின் உள்குழாய்) மாற்ற வேண்டியதுதான். பதில் தெரியாதவர் இன்ஜின் வேலை பார்த்ததாகச் சொன்னால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆர்எக்ஸ் 100 சேஸிஸில் ஆர்எக்ஸ் 135 இன்ஜின் ஏற்றிய வண்டி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பிக்கப் நன்றாக இருக்கிறது. வாங்கலாமா?
— வாசகர், வியாசர்பாடி

பிக்கப் இருக்கத்தான் செய்யும், 98 சி.சி.க்கும் 132 சி.சி.க்கும் அவ்வளவு வித்தியாசம். இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 50 மி.மீ.தான். போர் மட்டும் 100-ல் 50, 135-ல் 58. ஹெட்டைக் கழற்றி ஒரு ஸ்கேல் வைத்தாலே எந்த இன்ஜின் என்று தெரிந்துவிடும்.

சிக்கல் சட்டத்தில். ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அதே மாடல் இன்ஜினை மாற்றினாலும் ஆர்.டி.ஓ.வில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வேறு சி.சி. இன்ஜினோடு புதுப்பித்தலுக்குப் போனால் ஆய்வாளர் பென்சிலால் எண்ணைத் தேய்த்து எடுக்கும் இடத்திலேயே வண்டி நின்றுவிடும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கும் அது நல்ல சாக்கு.

புதுப்பேட்டையிலோ காயலான் கடையிலோ தனி இன்ஜின் வாங்கி ஏற்றிய வண்டிகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து கழன்று வந்தது என்று யாருக்கும் தெரியாது. கிராங்க்கேஸ் (கிராங்க் சுற்றும் இன்ஜின் அடிக்கூடு) தவிர மற்றதை, அதாவது பிளாக், ஹெட், கியர், கிளட்ச் எல்லாவற்றையும் பழையதாக வாங்கலாம். எண் பொறித்த கிராங்க்கேஸ் மட்டும் பில் இல்லாமல் வேண்டாம்.

என் வண்டி காலையில் நன்றாக எடுக்கிறது. பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகு ஆக்சிலேட்டரை விட்டாலும் ஐடிலிங் இறங்க மாட்டேன் என்கிறது, 'ங்ஙீ' என்று கத்திக்கொண்டே இருக்கிறது. மூன்று மெக்கானிக் பார்த்து கார்பரேட்டரையே இரண்டு முறை மாற்றிவிட்டார்கள்.
— வாசகர், பெரம்பூர்

கார்பரேட்டர் பாவம், அதன் மேல் தப்பில்லை. இன்ஜினுக்குள் எங்கிருந்தோ திருட்டுக் காற்று போகிறது. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை முதலில் கிராங்க்கேஸுக்குள் போய்த்தான் மேலே ஏறுகிறது. கிராங்க்கேஸில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் பிஸ்டன் மேலே போகும்போது அதன் வழியாக வெறும் காற்றை உறிஞ்சும். கலவையில் பெட்ரோல் குறையும், கூடவே டூ-ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயிலும் குறையும், சூடு ஏறும். இப்படியே ஓட்டினால் அடுத்து பிஸ்டன் சீஸ், அதாவது பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும்.

காற்று புகும் இடங்கள்: கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர், ரீட் வால்வு பேக்கிங், பிளாக் அடி பேக்கிங், கிராங்க்கேஸ் இரண்டு பாதியும் சேரும் கோடு, மேக்னட் பக்க ஆயில் சீல், கிளட்ச் பக்க ஆயில் சீல். இவற்றில் எது என்று ஊகிப்பதில் பயனில்லை. காற்றடைத்துப் பார்ப்பதுதான் வழி, அதற்கு வீட்டில் கிடக்கும் பழைய பி.பி. பார்க்கும் கருவியே போதும்.

சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாயில் சைக்கிள் டியூப் துண்டு வைத்து அதன் மேல் ஒரு தகட்டை போல்ட் போட்டு இறுக்குங்கள். கார்பரேட்டரை எடுத்துவிட்டு ரப்பருக்குள் சரியான அளவு மர அடைப்பானைச் செருகி கிளிப் மாட்டுங்கள். ஆயில் பம்ப்பிலிருந்து வரும் சிறு குழாயின் வாயையும் அடைக்க வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் ஒரு குழாயைப் பற்றவைத்து, பிளக் துளையில் மாட்டி பி.பி. கருவியின் ரப்பர் பல்பையும் கேஜையும் இணையுங்கள். பிஸ்டனை அடிமட்டத்தில் நிறுத்துங்கள். அப்போதுதான் மேலும் கீழும் ஒரே அறையாக இருக்கும்.

கேஜ் 250 காட்டும்வரை மெதுவாக அழுத்துங்கள். அது கிட்டத்தட்ட 5 பி.எஸ்.ஐ. 300-ஐத் தாண்ட வேண்டாம், நல்ல சீலையும் அது பிதுக்கிவிடும். ஐந்து நிமிடத்தில் இறங்கிய அளவு 50-க்குள் இருந்தால் இன்ஜின் நலம். ஓட்டை இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு சந்திலும் தடவுங்கள். மேக்னட் பக்கம் என்றால் மேக்னட்டைக் கழற்றி சீலின் உதட்டைச் சுற்றித் தடவ வேண்டும். கிளட்ச் பக்க சீல் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு கியர் ஆயில் ஊற்றும் துளையின் மேல் சோப்புப் படலம் ஒன்றை விரலால் இழுத்து விடுங்கள். படலம் உப்பி வெடித்தால் காற்று கியர்பாக்ஸுக்குள் வருகிறது, ஆக உள் சீல் போயிருக்கிறது.

நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு, அதாவது புகை அதிகமில்லாமல் சூடானதும் ஐடிலிங் ஏறுவதற்கு, மேக்னட் பக்க சீல்தான் முதல் சந்தேகம். கிளட்ச் பக்கம் என்றால் கியர் ஆயிலும் எரிந்து, புகையும் ஒரு கருகிய வாடையும் வரும், ஆயில் அளவும் குறையும். மேக்னட் பக்க சீலை இன்ஜின் பிரிக்காமலே வெளியிலிருந்து மாற்றும்போது, ஷாஃப்டில் ஸ்க்ரூடிரைவர் கீறல் விழாமல் எடுக்க வேண்டும். கீறினால் புது சீலும் ஒழுகும். உதட்டில் கிரீஸ் தடவாமல் மாட்டினால் முதல் ஸ்டார்ட்டிலேயே ரப்பர் காய்ந்து எரிந்துவிடும்.

அப்பா 1986-ல் வாங்கிய யெஸ்டி ரோட்கிங். அவர் தவறி ஐந்து வருடமாகிறது. வண்டி பன்னிரண்டு வருடமாகப் படிக்கட்டுக்கு அடியில் நிற்கிறது. தம்பி கிக்கரை மிதித்துப் பார்த்தான், அசையவில்லை. ஓட வைக்க முடியுமா? ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான்.
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

முடியும். தம்பியை மட்டும் இனி மிதிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். யெஸ்டியில் கியர் லீவரும் கிக்கரும் ஒன்றேதான். ஜாம் ஆன இன்ஜினில் ஏறி மிதித்தால் உள்ளே பல் உடையும்.

பிளக்கைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து 50 மி.லி. ஊற்றி மூன்று நாள் விடுங்கள். அசிட்டோன் சீக்கிரம் தீப்பிடிக்கும், படிக்கட்டுக்கு அடியில் விளக்கு, ஊதுவத்தி எதுவும் கூடாது. பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை இரு கையாலும் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நூல் அளவு அசைந்தாலும் போதும், மறுபடி ஊற்றி மறுபடி ஆட்டலாம். ஒரு வாரத்தில் விடவில்லை என்றால் பிளாக்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

சுற்ற ஆரம்பித்ததும் ஸ்டார்ட் செய்துவிடும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருடத்தில் கிராங்க் ஆயில் சீல்கள் கல்லாகியிருக்கும். பேரிங்கில் துரு பிடித்திருந்தால் ஓட்டும்போது அந்தத் துகள்களே போரைக் கீறும். எனவே இன்ஜினைப் பிரித்து கிராங்க் பேரிங்குகள், சீல்கள், பேக்கிங் செட் அனைத்தும் புதிது. கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் பிக் எண்டு பேரிங்கில் மேல்-கீழ் ஆட்டம் துளிகூடக் கூடாது. கனெக்டிங் ராடைப் பக்கவாட்டில் சிறிது ஆட்ட முடிவது சரிதான், அது வேண்டும்.

ரீபோருக்குக் கொடுக்கும்போது புது பிஸ்டனையும் சேர்த்தே லேத்தில் கொடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் சைஸை நம்பாமல் அந்த பிஸ்டனை அளந்துதான் போர் அடிக்க வேண்டும். போர் முடிந்ததும் சிலிண்டர் சுவரில் உள்ள ஒவ்வொரு போர்ட் (வாயில்) விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். கத்தி மாதிரி இருந்தால் அரம் போட்டு மழுக்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாததால் ரிங் முனை போர்ட்டில் மாட்டி உடைந்த இன்ஜின்கள் ஏராளம். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் வாய் பிஸ்டனின் ரிங் பள்ளத்தில் உள்ள சிறு பின்னில் உட்கார வேண்டும்.

யெஸ்டிக்கு ஆயில் பம்ப் கிடையாது, பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். முதல் 500 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 50 மி.லி., பிறகு 40 மி.லி. சிலிண்டர் ஒன்று, சைலன்சர் இரண்டு என்பதால் கரி எடுக்கும்போது இரண்டையும் எடுங்கள். ஒன்று மட்டும் அடைத்திருந்தாலும் வண்டி இழுக்காது.

பேப்பர் விஷயம்: உரிமையாளர் இறந்தால் 30 நாளில் தகவல் தந்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். கெடு தாண்டினாலும் அபராதத்தோடு செய்யலாம். இறப்புச் சான்று, இ-சேவை மூலம் வட்டாட்சியரிடம் பெறும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், அசல் ஆர்.சி. தேவை. பெயர் மாறிய பின் படிவம் 25-ல் புதுப்பித்தல். அதற்கு வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். ஆகவே காகித வேலையை இன்றே ஆரம்பியுங்கள், இன்ஜின் வேலை அதற்குள் முடிந்துவிடும்.

இப்போது பங்கில் இ20 பெட்ரோல்தான். பழைய டூ-ஸ்ட்ரோக்குக்கு ஆகாது என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
— வாசகர், கொளத்தூர்

ஓட்டலாம், இரண்டு வேலை செய்த பிறகு.

முதல் வேலை ஜெட், அதாவது கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை. சாதாரண பெட்ரோல் 1 கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் அது சுமார் 13.5 கிலோ. அதாவது அதே காற்றுக்கு சுமார் ஒன்பது சதவீதம் அதிகப் பெட்ரோல் போக வேண்டும். ஜெட்டை மாற்றாவிட்டால் கலவை எப்போதும் மெலிந்தே இருக்கும். மெயின் ஜெட் 100 என்றால் 105 போட்டுப் பாருங்கள், பிறகு 107.5. ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து நடு ஆக்சிலேட்டரில் பெட்ரோல் கூடும். ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே திருகினால் குறையும். ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் இது தலைகீழ் என்பதால் பட்டறையில் குழம்புகிறார்கள்.

சரியா என்று சொல்வது பிளக். புது பிளக் போட்டு, மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டரில் அரைக் கிலோமீட்டர் போய், கிளட்ச்சைப் பிடித்து அதே நொடியில் சாவியை அணைத்து ஓரம் கட்டிப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். டீத்தூள் பழுப்பு நல்லது. வெள்ளை என்றால் ஜெட் போதவில்லை. ஈரக் கறுப்பு என்றால் கூடிவிட்டது. இதை விடியற்காலைக் காலிச் சாலையில் செய்யுங்கள், மணலி-எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அல்ல.

இரண்டாவது வேலை ரப்பர். எத்தனால் பழைய ரப்பரை உப்ப வைக்கும். பெட்ரோல் குழாய், டேங்க் திறப்பானின் வாஷர், ஃப்ளோட் ஊசியின் ரப்பர் முனை ஆகியவற்றை மாற்றுங்கள். ஆயில் சீல் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பரில் கிடைத்தால் அதுவே மேல். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க் திறப்பானை மூடி, கார்பரேட்டர் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கிய சுசூகி ஷோகன். தண்ணீர் வடிந்ததும் பிளக்கைக் கழற்றி உதறி ஸ்டார்ட் செய்தோம், ஓடியது. இப்போது இன்ஜினுக்குள் கரகரவென்று சத்தம்.
— வாசகர், கொடுங்கையூர்

பேரிங் துருவின் சத்தம்தான் அது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஆயிலில் குளித்துக்கொண்டே இருக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அதன் மேல் இருப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டும். 2023 டிசம்பரில் உள்ளே போன தண்ணீர் கிராங்க்கேஸின் அடிக்குழியில் தங்கி, ஓரிரு நாளிலேயே உருளைகளில் குழி விழ வைத்திருக்கும். கிராங்க் செட்டைப் பிரஸ்ஸில் பிரித்து பிக் எண்டு, ராடு, இரு பேரிங் மாற்றி, வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் ஓட்டம், அதாவது சுற்றும்போது எவ்வளவு கோணுகிறது என்று பார்க்க வேண்டும். 0.03 மி.மீ.க்குள் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தியலால் தட்டிக் கண்ணால் நேர் பார்க்கும் பட்டறையில் கொடுக்காதீர்கள். கியர் ஆயிலையும் வடித்துப் பாருங்கள். பால் டீ நிறத்தில் வந்தால் அங்கேயும் தண்ணீர்.

ஆர்எக்ஸ் ஆயில் பம்ப்பை எடுத்துவிட்டு பெட்ரோலில் கலந்து ஓட்டினால் பாதுகாப்பு என்கிறார்களே?
— வாசகர், ராயபுரம்

பம்ப் நல்ல நிலையில் இருந்தால் அதுதான் பாதுகாப்பு. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறக்கிறதோ அதற்கேற்ப ஆயிலைக் கூட்டிக் குறைக்கும் வேலையை, பெட்ரோலில் ஆயிலை அளந்து ஊற்றும் மூடி செய்யாது. பம்ப் மேல் பழி விழுவது பெரும்பாலும் காற்றால்தான். ஆயில் குழாயைக் கழற்றி மாட்டியவர் பம்ப்பில் உள்ள காற்றுத் திருகைத் திறந்து குமிழி போகும்வரை வடிக்க மறந்திருப்பார். ஆயில் டேங்க் நிறைந்திருக்கும், இன்ஜினுக்கு ஒரு சொட்டும் போகாது. எனவே பம்ப்பைத் தொட்ட பிறகு முதல் டேங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மி.லி. கலந்தே ஓட்டுங்கள். எடுத்தே தீருவதாக இருந்தால் பம்ப் இருந்த இடத்தையும் கார்பரேட்டர் பக்கத்துச் சிறு துளையையும் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும்.

திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் செய்த மினி புல்லட் 200 ஒன்று, ஓடாத நிலையில் கிடைக்கிறது. நம்ம ஊர் வண்டி என்பதால் ஆசை. பாகங்கள் கிடைக்குமா?
— வாசகர், திருவொற்றியூர்

புல்லட் என்றதும் ஃபோர்-ஸ்ட்ரோக்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, டூ-ஸ்ட்ரோக்கையும் விடவில்லை. வில்லியர்ஸ் வழி வந்த 173 சி.சி. இன்ஜினோடு ஷெர்பா, குரூசேடர், பிறகு மினி புல்லட், ஜெர்மன் சுந்தாப் வடிவமைப்பில் ஃபியூரி என்று ஒரு வரிசையே உண்டு.

ஆர்எக்ஸுக்குக் கடைக்குக் கடை பாகம் தொங்குகிறது. இதற்கு அப்படி இல்லை. எனவே விதி ஒன்றுதான்: முழுமையாக இருக்கும் வண்டியை வாங்குங்கள், ஓடுகிறதா என்பது இரண்டாம்பட்சம். டேங்க், சைடு கவர், ஹெட்லைட் கூடு, மட்கார்டு, கார்பரேட்டர், மேக்னட், கிக்கர் தண்டு என்று வரிசையாக எண்ணிப் பாருங்கள். இன்ஜின் ஜாம் ஆகி எல்லாம் இருக்கும் வண்டி, ஓடிக்கொண்டு சைடு கவர் இல்லாத வண்டியைவிட மேல்.

இன்ஜினுக்குள் இருப்பவற்றில் பாதியைப் பெயர் சொல்லிக் கேட்கவே தேவையில்லை. பேரிங்கின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். 6204 என்றால் உள் விட்டம் 20, வெளி விட்டம் 47, தடிமன் 14 மி.மீ. அந்த எண்ணை எந்த பேரிங் கடையில் சொன்னாலும் கிடைக்கும், அது எந்த வண்டி என்று அவர்கள் கேட்கவும் மாட்டார்கள். கிராங்க்குக்கு மட்டும் எண்ணோடு சி3 என்று சேர்த்துக் கேளுங்கள். சூட்டில் விரிய இடம் விட்ட பேரிங் அது. சாதாரண பேரிங் போட்டால் சூடானதும் இறுகும். ஆயில் சீலிலும் இதே போல் மூன்று அளவு அச்சிட்டிருக்கும்.

பிஸ்டன்தான் தலைவலி. வேறு வண்டிப் பிஸ்டனை ஒத்துப் போட வேண்டி வந்தால் விட்டம் மட்டும் பார்த்தால் போதாது. பின் விட்டம், பின் நடுவிலிருந்து தலைவரை உயரம், அடிப் பாவாடையின் நீளம், ரிங் பின் எந்தப் போர்ட்டிலும் விழாமல் இருப்பது என்று நான்கும் ஒத்துவர வேண்டும். ஃபியூரி கிடைத்தால் கூடுதல் எச்சரிக்கை: அதன் சிலிண்டருக்கு லைனர் கிடையாது, உள்சுவரில் ஹார்டு குரோம். அதை ரீபோர் செய்ய முடியாது.

ஒரு சிறு தகவல். 2021-ல் வந்த மத்திய விதிப்படி 'வின்டேஜ்' என்று தனிப் பதிவு பெற வண்டிக்கு 50 வயது தாண்ட வேண்டும். கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் 'வி.ஏ.' என்று வரும், அன்றாடம் ஓட்டவும் முடியாது. 1980-களின் வண்டிக்கு அந்தப் பேச்சு இப்போது தேவையில்லை. சாதாரணப் புதுப்பித்தலே போதும்.

கடலுக்கு 300 மீட்டரில் வீடு. டேங்க் உள்ளே துரு, குரோம் எல்லாம் புள்ளி புள்ளியாக. என்ன பெயின்ட் அடிக்கலாம்?
— வாசகர், காசிமேடு

டேங்க் முதலில். திறப்பானைக் கழற்றி ரப்பரால் அடைத்து, ஒரு கைப்பிடி சிறு நட்டுகள் போட்டுக் குலுக்கித் தளர்ந்த துருவைக் கொட்டுங்கள். நட்டுகளை எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். பத்து லிட்டர் வெந்நீரில் ஒரு கிலோ சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும், அதைக் கரைத்து விளிம்புவரை ஊற்றி ஓர் இரவு வையுங்கள். காலையில் கொட்டி, 200 கிராம் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் அலசுங்கள். கடைசி அலசல் மெட்ரோ தண்ணீரில். உப்புப் போர் தண்ணீரில் அலசினால் செய்த வேலை வீண். உடனே ஹேர் டிரையரால் உலர்த்தி, கால் லிட்டர் பெட்ரோலில் 25 மி.லி. 2டி ஆயில் கலந்து எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றுங்கள். அரை மணி நேரம் தாமதித்தாலும் மறுபடி செம்மண் நிறம் பூக்கும்.

சேஸிஸை மணல் அடித்துச் சுத்தம் செய்தால், உங்கள் பகுதிக் காற்றுக்கு அன்று மாலைக்குள் எபாக்சி பிரைமர் விழ வேண்டும். "நாளைக்கு அடிச்சுக்கலாம்" என்று வைத்தால் உப்பு அடியிலேயே உட்கார்ந்து ஆறு மாதத்தில் பெயின்ட் கொப்புளிக்கும். மணல் அடிக்கும் முன் சேஸிஸ் எண் மேல் தடித்த டேப் ஒட்டுங்கள். அந்த இடத்தில் பவுடர் கோட்டிங்கும் வேண்டாம், எண் மூடிப்போனால் ஆர்.டி.ஓ.வில் சுரண்டச் சொல்வார்கள். மேல் பூச்சு பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட், அதன் மேல் கிளியர். குரோமில் புள்ளி வருவது அடியில் நிக்கல் மெலிதாக இருப்பதால். பிளேட்டிங்கில் கொடுக்கும்போது பழைய குரோமை முழுக்க எடுத்து, பஃப் செய்து, நிக்கலைத் தடிமனாக ஏற்றச் சொல்லுங்கள். குரோம் பளபளப்புக்குத்தான், துருவைத் தடுப்பது நிக்கல்.

சைலன்சருக்குள் சத்தத்தை அடக்கும் பேஃபிளை எடுத்துவிட்டால் பிக்கப் கூடுமா?
— வாசகர், எண்ணூர்

சத்தம் கூடும். டூ-ஸ்ட்ரோக் சைலன்சர் திருப்பி அனுப்பும் அழுத்த அலைதான் எரியாத கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்தக் கணக்கு கெட்டால் கீழ் வேகத்தில் இழுவை குறையும். சத்தத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிக்கப் குறைந்திருந்தால் பேஃபிள் கரி அடைத்திருக்கும். வெளியே இழுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் காஸ்டிக் சோடா கரைத்து ஓர் இரவு ஊறவைத்துக் கம்பிப் பிரஷ்ஷால் தேயுங்கள். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடா மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அவசியம். அதே வாளியில் அலுமினிய ஹெட்டையும் போட்டுவிடாதீர்கள், காலையில் பாதிதான் மிச்சமிருக்கும்.